பழைய சுவரில் கொத்துக்கரண்டி வைக்கும் முன்

பழைய கட்டடம் ஒன்றைப் பார்க்க வரச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அது எத்தனை வருஷத்துக் கட்டடம், யார் கட்டியது என்றெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. கடைசியாக எப்போது பழுதுபார்த்தார்கள், எதை வைத்துப் பழுதுபார்த்தார்கள் என்றுதான் கேட்பேன். கூப்பிட்டவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். கட்டடத்தின் பெருமையைச் சொல்லத் தயாராக நிற்பவரிடம் சிமெண்ட் மூட்டையைப் பற்றி விசாரித்தால் யாருக்குத்தான் பிடிக்கும்! ஆனால் இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்: தலைமுறை தலைமுறையாக மழையையும் வெயிலையும் தாங்கி நின்ற சுவர், நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு பழுதுபார்ப்புக்குப் பிறகு சில வருஷங்களிலேயே உதிரத் தொடங்கியிருக்கும்.

பழைய கட்டடங்களை அளப்பது, வரைவது, எங்கே என்ன கோளாறு என்று தேடுவது, பிறகு பழுதுபார்ப்பவர்களோடு சாரத்தில் ஏறி நிற்பது. இதுதான் பல காலமாக என் வேலை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், எதிர்பாராமல் ஒரு பழைய கட்டடத்துக்குப் பொறுப்பாகிவிட்டவர்களுக்கும் உதவும் என்று நினைப்பதை இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு மிகப் பெரிய கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் பளிங்குக் கற்களை ஒன்றோடொன்று இரும்புப் பட்டைகளால் பிணைத்தார்கள். பிணைத்த கையோடு, அந்த இரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் இருக்கிறவரை ஈரம் இரும்பைத் தொடாது. கல் கொஞ்சம் அசைந்தாலும் ஈயம் நெகிழ்ந்து கொடுக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சீரமைப்பு வேலைகளை நடத்திய பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ், புதிய இரும்புப் பட்டைகளை ஈயக் காப்பு இல்லாமல் பதித்தார். இரும்பு துருப்பிடித்தது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளத் தள்ள, இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டி வந்த பளிங்கு பிளந்தது. கற்களையும் அவர் பல இடங்களில் இடம் மாற்றி வைத்திருந்தார். 1975இல், பார்த்தெனான் நிற்கும் குன்றான அக்ரோபொலிஸுக்கென ஒரு பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய பல பத்தாண்டு வேலையில் பெரும்பகுதி, பழைய சீரமைப்பைப் பிரித்தெடுத்து, இரும்புக்குப் பதில் டைட்டானியம் வைத்து, ஒவ்வொரு கல்லும் உண்மையில் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துத் திரும்ப வைப்பதாகவே இருந்தது.

பலானோஸ் சோம்பேறியோ அறியாதவரோ கிடையாது. அந்தக் காலத்தில் இரும்பு புதிய நம்பிக்கை. இன்றைக்கு நாம் நம்புகிற பொருள்களை நாளை யார் பிரித்தெடுக்கப் போகிறார்களோ! அதனால்தான், எதைச் செய்தாலும் பின்னால் வருகிறவர் கட்டடத்துக்குச் சேதமில்லாமல் அதைக் கழற்ற முடியுமா என்று நான் முதலில் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் அது முடியாது. விரிசலுக்குள் ஊற்றிய சாந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. முடிகிற இடத்திலாவது பார்க்க வேண்டும்.

சரி, சுவருக்கு வருவோம். என்னிடம் வருகிற பிரச்சினைகளில் பெரும்பாலானவை ஓதத்தில், அதாவது சுவரில் ஊறும் ஈரத்தில்தான் தொடங்குகின்றன. ஒருமுறை ஒரு பழைய நூலகக் கட்டடத்தின் வாசிப்பு அறை. சுவரின் கீழ்ப்பகுதியில் இடுப்பளவுக்குப் பூச்சு ஊதிப்போய், தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலித்தது. உப்பு பூத்திருந்தது. ஈரத்தைத் தடுக்கிறோம் என்று முன்பு வந்தவர்கள் அந்த உயரம் வரைக்கும் கெட்டியான சிமெண்ட் பூச்சு பூசி, அதற்கு மேல் பிளாஸ்டிக் வண்ணமும் அடித்திருந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஈரம் அந்தப் பூச்சுக்கு மேலே ஏறி வந்தது. உடனே இன்னும் கொஞ்சம் உயரம் சிமெண்ட் பூசினார்கள். ஈரமும் இன்னும் கொஞ்சம் ஏறியது. இந்தப் போட்டியில் ஈரம்தான் எப்போதும் ஜெயிக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். அதற்கு முன் கட்டிய செங்கல், கல் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புக் காரை அல்லது மண் சாந்து. அந்தச் சுவர்களுக்கு ஈரத்தை அடியோடு தடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. ஈரம் உள்ளே வரும், வெளியே போகும் என்ற கணக்கில்தான் அவை கட்டப்பட்டன. காரை செங்கல்லைவிட மென்மையாக, அதிக நுண்துளைகளோடு இருக்கும். அதனால் ஈரம் காரை வழியாகத்தான் வெளியேறும். ஈரத்தோடு வரும் உப்பும் அங்கேதான் படியும். காரை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதிதாக அடைத்துக்கொள்ளலாம். செங்கல் தப்பித்துவிடும். செங்கற்களுக்கு இடையிலுள்ள அதே சந்தில் காரைக்குப் பதில் சிமெண்டை அடைத்தால் கதை தலைகீழ். சந்து மூடிக்கொள்கிறது, ஈரம் செங்கல்லின் முகம் வழியாக வெளியேறப் பார்க்கிறது, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி வளர்ந்து அதன் முகத்தை உரித்துத் தள்ளுகிறது. கடைசியில் செங்கல் குழிந்துபோய், சிமெண்ட் வரிகள் மட்டும் வலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்த ஊரில் நடந்தாலும் கண்ணில் படும்.

நூலகத்தில் நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான வேலை. முதலில் வெளியே போய்ப் பார்த்தோம். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் சுவரை ஒட்டியே முடிந்திருந்தது. வெளித்தரை வருஷா வருஷம் உயர்ந்து, உள்தரையைவிட மேலே வந்திருந்தது. ஈரத்துக்கு மூல காரணம் இந்த இரண்டும்தான். குழாயைச் சுவரிலிருந்து விலக்கி, தரையைத் தாழ்த்தி, தண்ணீர் வெளிப்பக்கமாக ஓடும்படி சாய்வு கொடுத்தோம். அதன்பின் சிமெண்ட் பூச்சில் தானாகப் பெயர்ந்து வந்ததை மட்டும் எடுத்தோம். ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்த இடங்களில் கொத்தவில்லை. அங்கே கொத்தினால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். எடுத்த இடத்தை அப்படியே திறந்து விட்டு, சுவர் காயக் காத்திருந்தோம். காத்திருப்பதுதான் இதில் கடினமான வேலை. தடித்த சுவர் காய வாரங்கள் போதாது, பருவங்கள் வேண்டும். பொறுப்பாளர்கள் பொறுமையிழந்து கூப்பிடுவார்கள். இவ்வளவு நாள் ஆகும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீர்த்துப்போகும். அதை மணலோடு கலந்து பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாக மாறும். இந்த மாற்றத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்துவிட்டால் கல்லாகாது, வெறும் மாவாகிவிடும். பூசிய பிறகு ஈரச் சாக்கு தொங்கவிட்டு, நாள்கணக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். சுண்ணாம்பு வேலை தோற்றுப்போனது என்று சொல்லப்பட்டு நான் போய்ப் பார்த்த பல இடங்களில், பொருளில் குறையில்லை. பூசிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

எல்லாச் சுண்ணாம்பும் ஒன்றில்லை என்பதும் முக்கியம். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைக் கலந்து தண்ணீருக்கடியிலும் இறுகும் காரையைச் செய்தார்கள். சீனாவின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் ஒட்டரிசிக் கஞ்சி கலந்த காரை கிடைத்திருக்கிறது. 1750களில் இங்கிலாந்தின் எடிஸ்டன் கலங்கரை விளக்கத்துக்காகப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் பலவகைச் சுண்ணாம்புகளைச் சோதித்தபோது, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்தான் தண்ணீரில் இறுகுகிறது என்று கண்டார். ஆகவே, 'பழைய முறை' என்று பொத்தாம்பொதுவாக ஒரு கலவையைச் சொல்பவரிடம் நான் எச்சரிக்கையாக இருப்பேன். உங்கள் சுவரில் உள்ள காரையைத்தான் கேட்க வேண்டும். மழை படாத ஒரு மூலையிலிருந்து சின்னக் கட்டியாக எடுத்து, நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அதைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தால் பழைய கொத்தனார் எந்த நிற மணலை, எவ்வளவு பருமனில் போட்டார் என்று தெரியும். புது மணலை அதற்குப் பொருத்தமாகத் தேடலாம். கிளிஞ்சல் துண்டோ சுண்ணாம்புக்கல் பொடியோ மணலோடு கலந்திருந்தால் அதுவும் கரைந்துவிடும். எனவே கரைப்பதற்கு முன் உருப்பெருக்கியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கையுறையும் கண்ணாடியும் போடாமல் அமிலத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது அளவெடுப்பு. என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

புதிதாக வரும் மாணவர்கள் செய்கிற முதல் காரியம், அறையின் நீளத்தையும் அகலத்தையும் எடுத்துவிட்டு ஒரு செவ்வகம் வரைவது. பழைய கட்டடத்தில் செவ்வகமான அறை கிடைப்பது அபூர்வம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் நிச்சயம், அதை வைத்து எந்தக் கோணலான அறையையும் சரியாக வரைந்துவிடலாம். கதவு, ஜன்னல், தூண் என்று ஒவ்வொன்றின் இடைவெளியையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும். டேப்பின் முனையை ஒரே மூலையில் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அங்கிருந்தே தொடர்ச்சியாகப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தரை மட்டமாக இருக்கும் என்று எப்போதும் நம்பாதீர்கள். டியூப் மட்டத்தை (தண்ணீர் நிரப்பிய குழாயை) வைத்துக் கட்டடம் முழுக்க ஒரு கிடைக்கோட்டைச் சாக்பீஸில் குறித்துக்கொண்டு, உயரங்களை எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து மேலும் கீழுமாக அளப்பதுதான் சரி. சுவர் சாய்ந்திருக்கிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா என்று தூக்குக்குண்டு சொல்லிவிடும்.

இப்போது லேசர் ஸ்கேனர் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கருவிகள் வந்ததற்கே நல்ல காரணம் உண்டு. 1858இல் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளம் கட்டடக்கலைஞர் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்தபோது உயரத்திலிருந்து விழ இருந்து, மயிரிழையில் தப்பினார். உயிரைப் பணயம் வைத்து ஏறாமல், புகைப்படத்திலிருந்தே அளவெடுக்க முடியாதா என்று அவர் யோசித்ததுதான் புகைப்பட அளவியலின் தொடக்கங்களில் ஒன்று. 1885இல் பெர்லினில் அதற்கென்றே ஓர் அரசு நிறுவனத்தை அவர் தொடங்கினார். இன்று கைப்பேசியில் எடுத்த படங்களைக் கொண்டே முப்பரிமாண மாதிரி செய்கிறோம் என்றால் அந்தப் பயத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் நோத்ருதாம் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். பாரிஸின் அந்தப் பேராலயத்தை 2010இல் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் லேசரால் ஸ்கேன் செய்தார். 2018இல் அவர் இறந்துபோனார். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்தது. அவருடைய அளவுகள் எவ்வளவு உதவின என்று உலகம் முழுக்க எழுதினார்கள். அதே அளவு பேசப்படாத இன்னொரு வேலை இருக்கிறது. தீ விபத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2014இல், ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் த்ரான்த்சோ என்ற இரு கட்டடக்கலைஞர்கள் அந்தக் கூரையின் ஓக் மரச்சட்டகத்தை விரிவாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். எந்த உத்தரம் எதோடு எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட வரைபடங்கள். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறந்தபோது, மேலே இருந்த மரச்சட்டகம் அந்த வரைபடங்களை அடிப்படையாக வைத்து எழுப்பப்பட்டதுதான்.

ஸ்கேனர் கண்ணுக்கு எட்டிய பரப்பை எல்லாம் பிடித்துவிடும். மரமும் மரமும் சேரும் இடத்தில் உள்ளே என்ன பொருத்து இருக்கிறது, எது பழையது, எது பிறகு சேர்த்தது என்று கேட்காது. பென்சிலோடு உட்கார்ந்து வரைகிறவர் கோட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எழுந்து போய்ப் பார்ப்பார். அந்த எழுந்து போவதில்தான் ஆய்வு நடக்கிறது. வசதி இருந்தால் இரண்டையும் செய்யுங்கள். இல்லையென்றால் கையால் வரையுங்கள்.

பழைய ஓவியங்களை ஆதாரமாக எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. இரண்டாம் உலகப்போரில் தரைமட்டமான வார்சாவின் பழைய நகரத்தை மறுபடி கட்டியபோது, போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் எடுத்து, போரின்போது ஒளித்துக் காப்பாற்றிய அளவு வரைபடங்கள் கைகொடுத்தன. 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்தோ பெல்லோத்தோ வரைந்த நகரக் காட்சிகளையும் பயன்படுத்தினார்கள். ஓவியர் ஓவியர்தானே, அங்கங்கே அழகுக்காகக் கொஞ்சம் மாற்றியும் வரைந்திருந்தார்.

சுவரைப் படிப்பது என்று நாங்கள் சொல்லும் வேலைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச் போதும். இருட்டிய பிறகு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் வழவழப்பாகத் தெரிந்த பூச்சில் மேடுபள்ளமெல்லாம் நிழலாக எழும்பி வரும். ஒரு கிடங்குச் சுவரில் இப்படித்தான் அடைபட்ட ஒரு வளைவு வாசலின் உருவம் தெரிந்தது. கட்டடத்தின் பழைய பத்திரங்களில் அந்த வாசலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மறுநாள் அந்தச் சுவரின் மறுபக்கம் போய்ப் பார்த்தால், பூச்சு விழுந்த ஓரிடத்தில் செங்கல் வரிசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோக்காமல் ஒரே நேர்க்கோட்டில் முடிந்திருந்தது. ஒரே நேரத்தில் கட்டிய சுவரில் செங்கற்கள் மாறிமாறிக் கோத்திருக்கும். நேராக ஒரு சந்து மேலிருந்து கீழ் வரை ஓடினால், அங்கே இரண்டு வெவ்வேறு கால வேலைகள் சந்திக்கின்றன என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். கிடங்கின் முன்பக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் பின்பக்கம் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

இப்படிப் பார்க்கும்போது வருஷத்தைத் தேடாதீர்கள். முதலில் வரிசையைத் தேடுங்கள். எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, எது எதை வெட்டிக்கொண்டு போகிறது, எந்தப் பூச்சு எந்தக் கதவு நிலைக்கு அடியில் போகிறது என்று முன்பின் தெரிந்துவிட்டால், எங்கோ ஓர் இடத்தில் ஒரு தேதி கிடைத்தாலும் மற்றவையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் போய் உட்கார்ந்துகொள்ளும். மரம் இருந்தால் ஆண்டு வளையங்கள் உதவும். ஏ. ஈ. டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர் வளர்த்தெடுத்த அந்த முறை, ஒப்பிட ஏற்ற வளைய வரிசை உள்ள பிரதேசங்களில், பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் மிஞ்சியிருந்தால், மரம் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்றே சொல்லிவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பழைய உத்தரங்களைக் கழற்றி வேறு கட்டடத்தில் போடுவது எக்காலத்திலும் நடந்திருக்கிறது. மரத்தின் வயது கட்டடத்தின் வயதாக இருக்கத் தேவையில்லை.

கட்டடத்தைப் பெருக்குகிறவர், காவல் இருக்கிறவர் ஆகியோரிடம் பேசாமல் எந்த அறிக்கையையும் நான் முடிப்பதில்லை. வாளி எங்கே வைக்க வேண்டியிருக்கிறது, எந்த ஜன்னல் எந்த மாதத்தில் இறுகிக்கொள்கிறது, எந்த மூலையில் எறும்பு வரும், இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு காவலர் என்னிடம், "சார், மழை பெய்யும்போது வாங்க, வெயில்ல வந்து பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அன்றிலிருந்து மழை நாளில் குடையோடு ஒரு சுற்று போவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, தண்ணீர் எங்கே தெறிக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

விரிசல் என்றால் எல்லோருக்கும் பயம். பழைய கட்டடத்தில் விரிசல் இருப்பது செய்தியே இல்லை. அது இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இருபுறமும் இரண்டு சின்ன ஆணி அடித்து இடைவெளியை மாதாமாதம் அளந்து குறித்துவையுங்கள். வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்குவதால் அளவு தானாகக் கூடிக் குறையும். ஒரு முழு வருஷம் பார்த்தால்தான் அது வெறும் மூச்சா, உண்மையான நகர்வா என்று பிரிக்க முடியும். பாதியில் பயந்து அடைத்துவிட்டால் அந்தத் தகவலே போய்விடும்.

ஆனால் வேகமாக நகர்கிற விரிசல் முன்னால் காத்திருக்கக் கூடாது. 1902 ஜூலையில் வெனிஸின் சான் மார்க்கோ மணிக்கோபுரத்தில் அதுதான் நடந்தது. கோபுரத்தின் அடியில் ஒட்டியிருந்த சிறு கட்டடத்தின் கூரையைச் சரிசெய்ய, கோபுரச் சுவரையே குடைந்தார்கள். விரிசல் தெரிந்ததும் குறுக்கே கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். மறுநாளே சில உடைந்திருந்தன. ஜூலை 14 காலையில் கோபுரம் அப்படியே கீழே இறங்கிவிட்டது. சதுக்கத்தை முன்பே காலிசெய்திருந்ததால் மனிதர்கள் யாரும் சாகவில்லை; காவலாளியின் பூனைதான் மாட்டிக்கொண்டது என்பார்கள். இருந்தது போலவே, இருந்த இடத்திலேயே 1912இல் திரும்பக் கட்டி முடித்தார்கள்.

பைசா கோபுரம் இதற்கு நேர் எதிரான பாடம். 1173இல் கட்டத் தொடங்கிய அது, கட்டி முடியும் முன்பே சாயத் தொடங்கிவிட்டது. 1930களில் அடித்தளத்தில் துளையிட்டு சிமெண்ட் கலவையைச் செலுத்திப் பலப்படுத்தப் பார்த்தார்கள். சாய்வு அதிகமானதுதான் மிச்சம். 1990இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டு, பல வருஷம் ஆராய்ந்து, கடைசியில் சாய்ந்த பக்கத்தைத் தொடவே இல்லை. எதிர்ப்பக்கத்து அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தார்கள். கோபுரம் ஏறத்தாழ அரை டிகிரி நிமிர்ந்தது. 2001இல் மறுபடி திறந்தார்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு மண் எடுத்தால் எவ்வளவு அசைகிறது என்று அளந்து பார்த்து, அதற்கேற்ப அடுத்த நாள் வேலையைத் தீர்மானித்தார்கள். மண்ணை எடுப்பது யாராலும் முடியும். அந்த நிதானம்தான் அரிது.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது குறித்த சர்வதேச சாசனங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தில் எனக்குத் தினமும் பயன்படுவது ஒரே கருத்து: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம், தேவையான அளவுக்கு மாற்று, ஆனால் முடிந்தவரை குறைவாக மாற்று என்கிறது. 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம், ஒரு கட்டடத்தின் உண்மைத்தன்மை என்பது எல்லாப் பண்பாட்டிலும் ஒரே அளவுகோலில் அடங்காது என்று ஒப்புக்கொண்டது. அது ஜப்பானில் வந்தது தற்செயல் இல்லை. அங்கே ஈசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள். மரம் புதியது, கட்டும் கைத்திறன் பழையது. கல்லை மட்டுமே காப்பாற்றிப் பழகிய என் போன்றவர்களுக்கு அது நல்ல குட்டு. கொத்தனாரின் வேலை அறிவு போய்விட்டால், எவ்வளவு வரைபடம் இருந்தாலும் சுவரைச் சரிசெய்ய ஆளிருக்காது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1877இல், எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தை இங்கிலாந்தில் தொடங்கியபோது, சீரமைப்பு என்ற பெயரில் நடந்த அழிப்பை எதிர்த்து, அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் கேட்டார். இன்றும் பணம் கிடைப்பது பெரிய சீரமைப்புக்குத்தான். திறப்பு விழா வைக்க முடியாத வேலைக்கு யாரும் பணம் தருவதில்லை. மழைக்கு முன்பும் பின்பும் கூரையில் ஏறி இலைதழைகளை அள்ளுவது, உடைந்த ஓடு ஒன்றை அன்றைக்கே மாற்றுவது, சுவரில் முளைத்த செடியை விரல் பருமனாகும் முன் எடுப்பது ஆகியவற்றை ஒழுங்காகச் செய்தால் பெரிய சீரமைப்பு பல ஆண்டுகள் தள்ளிப்போகும். செடி மரமாகிவிட்டதென்றால் இழுத்துப் பிடுங்காதீர்கள். வேர் சுவரைக் கையோடு கொண்டுவந்துவிடும். மேலே வெட்டி, வேர் பட்டுப்போக விட்டு, அதன் பிறகு கற்களைப் பிரித்துக் கட்டுங்கள்.

செய்த வேலையைப் பதிவுசெய்வதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். எந்தத் தேதியில், எந்தச் சுவரில், என்ன கலவை, மணல் எங்கிருந்து வந்தது, எதைத் திறந்து பார்த்தோம், எதைத் திறக்கவே இல்லை. இவ்வளவும் அறிக்கையில் இருக்கட்டும். ஒரு பிரதி கட்டடத்திலேயே இருக்கட்டும், இன்னொன்று வேறு கட்டடத்தில். கணினிக் கோப்புகளோடு, நல்ல தாளில் அச்சிட்ட ஒரு பிரதியும் வேண்டும். பழைய மென்பொருளில் போட்ட வரைபடங்களைத் திறக்க முடியாமல் தாள் பிரதியைத் தேடிப் போகும் நிலை எங்கள் வேலையில் சகஜம்.

கடைசியாக, பலர் கேட்கிற ஒன்று: கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், தடுக்க முடியவில்லை, அரை நாள்தான் உள்ளே விடுவார்கள், என்ன செய்வது? அழகான கோணங்களைத் தேடிப் படமெடுக்காதீர்கள். உள்ளே போகும் முன் தளமும் கூரையும் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள். ஒவ்வொரு முகப்பையும் நேர் எதிரே நின்று, அளவுகோல் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து எடுங்கள். ஒவ்வொரு அறைக்கும் நான்கு சுவர், தரை, கூரை. படங்கள் ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் படியும்படி நடந்துகொண்டே எடுத்தால் பின்னால் அதிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்துகொள்ளலாம். கையில் ஒரு தரைப்படம், மூலைவிட்டங்களோடு. கூரையிலிருந்து கடைக்கால் வரை குறுக்கே வெட்டிப் பார்த்தது போல ஒரு வரைபடம். கதவு நிலையும் உத்தரமும் சுவரில் சேரும் இடங்கள். ஒரு கட்டிக் காரை, ஒரு செங்கல், வண்ண அடுக்குகளோடு ஒரு பூச்சுத் துண்டு. உரியவரிடம் கேட்டு வாங்கி, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். நேரம் மிஞ்சினால் அங்கே வாழ்ந்த அல்லது வேலை பார்த்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். இடிக்கும் நாளில் முடிந்தால் திரும்பப் போங்கள். சுவரின் உட்புறமும் கடைக்காலும் கண்ணில் படுவது அன்றைக்கு மட்டும்தான்.